‘போன இடம்’ என்ற கடைசிக் கட்டம்

போன மாதம் எங்கள் பழைய மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வைத்திருந்தார்கள். திருப்பதியில் நான் பதினெட்டு வருடம் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்த காப்பீட்டு உதவி மேசையில் இப்போது நான்கு பேர். நான்கு பேர் கையிலும் டேப்லெட். நோயாளியின் முகத்துக்கு நேரே அதைப் பிடித்தால் போதும், அரசுக் காப்பீட்டில் அவர் இருக்கிறாரா இல்லையா என்று அதுவே சொல்லிவிடுகிறது. எனக்குப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் சேர்ந்த காலத்தில் இதற்கு அரை நாள் ஆகும்.

முன் வரிசையில் இருந்த ஒரு பெண், நகரிப் பக்கத்துப் பிள்ளை, கையைத் தூக்கினாள்.

"மேடம், சிவப்பு எழுத்துல 'நாட் ஃபவுண்ட்'னு வந்தா இன்னா பண்றது? அனுப்சிட வேண்டியதுதானே?"

"அனுப்சிடறதா? எங்க அனுப்புவ?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டேன். ஐந்து நிமிடம் பேசத்தான் கூப்பிட்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் பேசினேன். பயிற்சியாளர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார், மூன்றாவது முறை டீ வரவழைத்தார், டீயைக் கையில் வைத்துக்கொண்டும் பேசினேன். அப்படியும் முன்னும் பின்னுமாகத்தான் சொன்னேன். அதையே இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

என் ஊர் புத்தூருக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை போட இரண்டும். புத்தூரில் ஒரு நர்சிங் ஹோமில் வரவேற்பு மேசையில் சில வருடம் இருந்தேன். ஏழைக் குடும்பங்களுக்கு அரசே பிரீமியம் கட்டும் மருத்துவக் காப்பீடு வந்தபோது, ஒவ்வொரு மருத்துவமனையிலும் வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். பத்து நாள் பயிற்சி. அதில் எனக்கு நினைவிருப்பது மத்தியானச் சாப்பாட்டில் போட்ட கோங்குராத் துவையல் மட்டும்தான். வேலையை வேலையில்தான் கற்றுக்கொண்டேன்.

வேலை இதுதான். நோயாளி வருவார். ரேஷன் கார்டை வாங்கி, அதில் அவர் பெயர் இருக்கிறதா, வயது சரியா என்று பார்க்க வேண்டும். பெயர் இருந்தால் காப்பீடும் இருக்கிறது. பிறகு டாக்டர் எழுதிய குறிப்பு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியை ஒரு போட்டோ எடுக்க வேண்டும். முகமும் தெரிய வேண்டும், தலைக்கு மேல் கட்டில் எண்ணும் தெரிய வேண்டும். நெஞ்சுவலி என்று வந்தவர்கூட போட்டோ என்றதும் சீப்பு கேட்பார். பவுடர் போடாமல் எடுக்க விடமாட்டேன் என்று ஒரு அம்மா அடம் பிடித்ததில் அரை மணி நேரம் போனது. இதெல்லாம் எங்கோ இருக்கும் ஒரு டாக்டர் குழுவுக்குப் போகும். அவர்கள் சம்மதம் கொடுத்தால் ஆபரேஷன். நோயாளி கையிலிருந்து ஒரு பைசா வாங்கக் கூடாது. சம்மதம் வந்ததும் ஓடிப்போய் வார்டில் சொல்வேன் பாருங்கள், அந்த ஓட்டத்துக்காகவே இந்த வேலையில் இருந்தேன் என்று சொல்லலாம்.

என் மேலதிகாரி சுகுணா மேடம். டாக்டர்தான், ஆனால் அவர் ஊசி போட்டு நான் பார்த்ததில்லை. மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவு முழுவதும் அவர் பொறுப்பு. சொந்த ஊர் நெல்லூர்ப் பக்கம். தமிழ் நன்றாகப் புரியும், வாயில் வராது. நான் தமிழில் சொல்வேன், அவர் தெலுங்கில் கேட்பார், அப்படியே பதினெட்டு வருடமும் ஓட்டினோம். மேடம் உட்காரவே மாட்டார். காலையில் வந்ததும் என் மேசை ஓரத்தில் நின்றபடி முந்தைய நாள் பதிவேட்டை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் படிப்பார். கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்க வேண்டியிருந்தால் இன்றைக்கு நாம் தொலைந்தோம் என்று அர்த்தம்.

சேர்ந்த முதல் வருடம் ஒருநாள் அப்படிக் குரல் இறங்கியது. சத்தியவேட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். காலில் ரத்தக் குழாய் அடைத்து விரல் கறுத்திருந்தது. கார்டு கொண்டு வரவில்லை. அன்று கூட்டம் அதிகம், எனக்கும் கடுப்பு. "கார்டு இல்லன்னா ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். பதிவேட்டில் 'கார்டு இல்லை' என்று எழுதினேன். மேடம் அப்போது லீவில் இருந்தார். நாலு நாள் கழித்து வந்ததும் அவர் விரல் அந்த வரியில் நின்றது.

"எக்கடிகி வெள்ளாடு?" என்றார். எங்கே போனார் என்று கேட்கிறார்.

"திருப்பி அனுப்பிட்டேன் மேடம். கார்டு எடுத்துக்கினு வருவார்."

வந்தாரா என்று கேட்டார். வரவில்லை. எங்கே இருக்கிறார் என்று கேட்டார். தெரியவில்லை. மேடம் கைப்பையைத் திறந்து பஸ் செலவுக்குக் காசு எடுத்து என் மேசைமேல் வைத்தார். போய்க் கூட்டிக்கொண்டு வா என்று அர்த்தம்.

நாகலாபுரம் வழியாகச் சத்தியவேடு போய், விசாரித்து விசாரித்து அவர் வீட்டைப் பிடித்தேன். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கார்டு எங்கே என்றேன். ட்ரங்குப் பெட்டியில் இருப்பதாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"பெட்டியிலயே வச்சிகினு ஏன்யா வரல?"

"நீதானேம்மா ஆவாதுன்ன. ஆவாதுன்னா அப்புறம் எதுக்கு வர்றது?"

அவர் என்னைக் குறை சொல்லவே இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் ஆகாது என்றால் ஆகாதுதான் என்று நினைத்து, முடிந்தவரை வாழ்ந்துவிட்டுப் போகலாம் என்று வந்துவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே பஸ்ஸில் கூட்டிவந்தேன். இரண்டு விரலை எடுக்க வேண்டியிருந்தது, கால் தப்பியது. அந்தக் காலோடு அவர் பிறகு பல வருடம் கடலைக்காய் மூட்டையோடு என்னைப் பார்க்க வந்தது வேறு கதை.

மறுநாள் மேடம் ஸ்கேல் கொண்டுவந்து பதிவேட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். கடைசியில் ஒரு கட்டம் கூடியது. அதன் தலையில் தெலுங்கில் 'போன இடம்' என்று எழுதினார். யாருக்கு இல்லை என்று சொல்கிறோமோ அவர் எங்கே போனார், அங்கே அவருக்கு என்ன கிடைக்கும் என்று அதில் எழுத வேண்டும். 'திருப்பி அனுப்பினேன்' என்பது இடம் இல்லை. காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லாத பக்கத்தோடு நான் வீட்டுக்குப் போக முடியாது. 'தாசில்தார் ஆபீஸ், வியாழன் வருவார்', 'மகன் வீடு, ஸ்ரீ சிட்டி, போன் செய்ய வேண்டும்' என்று எழுதி எழுதி அந்தக் கட்டத்தை நிரப்பினேன். முதலில் அவரை மனசுக்குள் வைதேன். போகப் போக, காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்கே நிலைகொள்ளாமல் போயிற்று.

இப்போது ரேவதி என்ற பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நகரி, புத்தூர், சத்தியவேடு எல்லாம் ஆந்திரா. அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, திருத்தணி, ஊத்துக்கோட்டை எல்லாம் தமிழ்நாடு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. அந்தப் பக்கத்துப் பெண் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தால், அவள் பெயரை அப்பா வீட்டு ரேஷன் கார்டிலிருந்து உடனே எடுக்க மாட்டார்கள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான். அது முடிந்து பிள்ளையோடு புகுந்த வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் பெயரை எடுப்பார்கள். அதற்கு முன்னால் எடுத்தால் பெண்ணைக் கைகழுவி விட்டதாக நினைப்பு. ஒருத்தர் பெயர் இரண்டு கார்டில் ஏறாது, கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளாது. ஆக அந்த ஒன்றிரண்டு வருடம் பெண் வாழ்வது ஆந்திராவில், பெயர் வாழ்வது தமிழ்நாட்டில்.

இந்த வழக்கம் என்றாலே எனக்கு ஆகாது. உடம்புக்கு வந்து இங்கே படுத்த பிறகு, மருமகள் பெயர் கார்டில் இல்லை என்று வந்து நிற்பார்கள். "தமிழ்நாட்டு ரேஷன்ல குடுக்கற பொங்கல் பைக்கு ஆசப்பட்டு பேர அங்கயே வுட்டு வச்சீங்களா?" என்று கேட்பேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். பதினாறு வருடம் திட்டியிருக்கிறேன்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது ரேவதி வந்தாள். இருபத்திரண்டு வயது. பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண், நகரியில் வாழ்க்கைப்பட்டவள். ஐந்து மாதக் கர்ப்பம். கணவன் குமார் விசைத்தறிக் கொட்டகையில் கூலி வேலை. அவளுக்கு ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை. "அக்கா, எனக்கு..." என்பாள், மூச்சு வாங்குவாள், "படுத்தா..." என்பாள், மறுபடி மூச்சு வாங்குவாள். மிச்சத்தைக் குமார்தான் சொல்வான். படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று மூன்று நாளாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாளாம்.

இதய டாக்டர் எக்கோ பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலில் இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. இத்தனை நாள் தெரியவில்லை. வயிற்றில் பிள்ளை வளர வளர ரத்தம் கூடுகிறது, வழி குறுகலாக இருப்பதால் நுரையீரலில் நீர் தேங்குகிறது. தொடையிலிருந்து கம்பி விட்டு ஒரு பலூனை ஊதி வால்வை விரிக்கலாம். செய்தால் தாயும் பிள்ளையும் பிழைக்கும்.

"மருந்து கொடுத்து ரெண்டு நாள் தாக்குப் பிடிக்க வைக்கிறேன். மூணாவது நாளுக்கு நான் பொறுப்பில்லை. சீக்கிரம் அனுமதி வாங்குங்க" என்றார்.

குமார் கார்டை நீட்டினான். அப்பா, அம்மா, குமார், தம்பி. ரேவதி இல்லை.

"குடியிருக்கற வீட்ட அடமானம் வச்சிடறேன் மேடம்" என்றான் குமார். ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு கையால் தூக்கிவிட்டு ரேவதி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வீட்ட வச்சிட்டு..." மூச்சு. "எங்க போவோம்? மாத்திர குடுங்க..." மூச்சு. "நான் வீட்டுக்கே போயிடறேன்." சத்தியவேட்டுப் பெரியவரும் இப்படித்தான் எழுந்து போனார்.

காசு வாங்காமல் செய்யும் வேறு ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பார்த்தேன். பலூன் வைக்க முறை வருவதற்கு நாளாகும் என்றார்கள். சரி, பதினாறு வருடமாகச் செய்வதையே செய்வோம் என்று இறங்கினேன். அங்கே பெயரை எடு, இங்கே சேர். குமாரை நகரிக்கு, சச்சிவாலயம் என்று நாங்கள் சொல்லும் கிராமச் செயலகத்துக்கு விரட்டினேன். ரேவதியின் அப்பா முனுசாமிக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குக் காலையில இ-சேவை மையம் திறந்ததும் ரேவதி பேர உங்க கார்டுலேர்ந்து எடுத்துடுங்க. எடுத்தாத்தான் இங்க சேர்க்க முடியும்."

அவர் பயந்த மனிதர். சரிங்கம்மா, சரிங்கம்மா என்றார். சட்டென்று போனை யாரோ பிடுங்குவது கேட்டது. அம்மா, தேசம்மாள்.

"இன்னாமா இது? மாசமா கீற பொண்ணு பேர எடுக்கச் சொல்ற? மொதப் பிரசவம் முடிஞ்சிதானே எடுப்போம்?"

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ! "வழக்கம் பேசறீங்களா? உங்க பொண்ணு இங்க மூச்சுக்குத் தவிச்சிகினு கீறா. கார்ட கட்டிப் புடிச்சிகினு இருங்க, பொண்ணு இருக்கமாட்டா!"

மறுமுனையில் அழுகை கேட்டது. அழுதுகொண்டே அந்த அம்மா கேட்டாள், "இங்க எடுத்துட்டு, அங்க ஏறலன்னா? ஏத்தறேன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். சொன்னத செய்யுங்க" என்று போனை வைத்தேன். அந்தக் கேள்வியை ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மறுநாள் காலை மணி பத்தேகால். குமாரிடமிருந்து போன் வந்தது. அங்கே பெயரை எடுத்த பிறகு இங்கே மனு வாங்குவார்களாம், ஏறுவதற்குச் சில நாள் பிடிக்குமாம். ரேவதிக்கோ அன்றைக்கு இரண்டாவது நாள். அந்த நேரம் பார்த்து மேடம் மேசை ஓரத்தில் வந்து நின்றார். விரல் ரேவதியின் வரியில் ஓடிக் கடைசிக் கட்டத்தில் நின்றது. காலி.

நடந்ததைக் கொட்டினேன். மேடம் முழுக்கக் கேட்டார். குரல் இறங்கியது.

"பேரு இப்புடு எக்கட உந்தி?"

பெயர் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். "தமிழ்நாட்டு கார்டுலதான் மேடம், அதத்தான் எடுக்கச் சொல்லி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தமிழ்நாட்டு கார்டுக்கும் காப்பீடு இருக்கிறதே! அந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் செல்லுபடியாகும் ஒரே கார்டு அதுதான். அதை வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போனால் அங்கே இன்றைக்கே சேர்ப்பார்கள். பத்து மணிக்குத் திறக்கும் மையத்தில் அதைத்தான் நான் ஆள் அனுப்பி அழிக்கச் சொல்லியிருக்கிறேன். மணி பத்தேகால்!

போனை எடுத்தேன். லைன் பிஸி. மறுபடி போட்டேன், பிஸி. அந்த வீட்டில் இருப்பது ஒரே போன். மேடம் அதற்குள் தன் போனில் சென்னையில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையைப் பிடித்துவிட்டார். பேசச் சொல்லி என் காதில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு பையன்.

"குடும்ப அட்டையில அவங்க பேர் இருக்காக்கா?"

"இருக்கு. இருக்கணும். இன்னும் இருந்தா இருக்கு" என்று உளறினேன்.

"இருந்தா கூட்டிட்டு வாங்க. வேற கேள்வியே இல்லை."

ஒரு காதில் அவன், இன்னொரு காதில் பிஸி ஒலி. ஏழாவது தடவை மணி அடித்தது. தேசம்மாள் எடுத்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எங்க?"

"சென்டர்ல நிக்கறாரு. நீதானே போகச் சொன்ன?"

"பேர எடுத்துட்டாரா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டேன். "அம்மா! எடுத்தாச்சா, இல்லையா?"

"எடுக்கல."

"ஏன்?"

"போனுக்கு ஏதோ நம்பரு வருமாமே, அத சொன்னாத்தான் எடுக்க முடியுமாம். போனு எங்கிட்ட கீது. காலையில அவரு சட்டப் பையிலேர்ந்து நான்தான் எடுத்து வச்சிகினேன். சென்டர்காரரு போன வாங்கி அவரு மூணு வாட்டி கூப்ட்டுக் கேட்டாரு, கெஞ்சினாரு. சொல்ல மாட்டேன்னுட்டேன். அங்க ஏறாம இங்க எடுத்தா எம்பொண்ணு எந்த வூட்டுப் பொண்ணும்மா? அவள அந்தரத்துல நிக்க வுட மாட்டேன். திட்டறதுன்னா திட்டிக்கோ."

நான் போட்ட சத்தத்தில் எக்ஸ்ரே அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தான். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

"தாயே, திட்டல! அந்த நம்பர யாருக்கும் சொல்லாதீங்க. வீட்டுக்காரர் கேட்டாலும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க!"

"அப்ப நேத்து எதுக்குத் திட்டின?"

"புத்தி கெட்டுப் போயித் திட்டிட்டேன்."

விஷயத்தைச் சொன்னேன். கார்டை எடுத்துக்கொண்டு திருத்தணி பைபாஸில் வந்து நிற்கச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த அரை மணி நேரம் மருத்துவமனையே எனக்காக ஓடியதுபோல் இருந்தது. இதய டாக்டர் கொடுத்த மருந்துகளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸில் இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர் ஏறியது. ஒரு நர்ஸ் ஏறினாள். நகரியில் ஏறிக்கொள்ளும்படி குமாருக்குச் சொன்னோம். நான் கதவைச் சாத்தப் போனபோது மேடம் என் தோளைத் தொட்டு, "நுவ்வு கூடா எக்கு" என்றார். நீயும் ஏறு.

புத்தூர் தாண்டினோம். நகரியில் குமார் ஓடிவந்து ஏறினான். ரேவதி சாய்ந்து உட்கார்ந்தபடி என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது, நான் விடவில்லை. எல்லை தாண்டும்போது எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பெயர் இருக்கும் பக்கத்துக்குப் பெண்ணைக் கொண்டுவந்துவிட்டோம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். திருத்தணி பைபாஸில் தேசம்மாள் சாலை நடுவிலேயே நின்று கையை ஆட்டினாள். டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் போட்டார். ஏறினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து கார்டை எடுத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை, மகளின் மடியில் வைத்தாள்.

"நைனா...?" என்று அப்பாவைக் கேட்டாள் ரேவதி.

"பின்னாடியே பஸ்ல வராரு. நீ பேசாத."

சென்னையில் அந்தப் பையன் வாசலிலேயே நின்றிருந்தான். கார்டு எண்ணைத் தட்டினான். நான் அவன் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தேன். முனுசாமி. தேசம்மாள். ரேவதி, பெண், இருபத்திரண்டு. பச்சை எழுத்து! பதினாறு வருடம் யாரைப் பார்த்தாலும் எடு எடு என்று நான் விரட்டிய பெயர், இருக்க வேண்டிய இடத்தில் அப்படியே இருந்தது. சாயங்காலத்துக்குள் அனுமதி வந்தது. மறுநாள் காலை பலூன் வைத்தார்கள்.

மத்தியானம் வார்டுக்குப் போனேன். மாஸ்க் இல்லாமல் சாய்ந்திருந்த ரேவதி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எனக்குப் பசிக்குது, நைனாகிட்ட சொல்லி இட்லி வாங்கிகினு வரச் சொல்லு, நாலு துன்னுவேன்." நடுவில் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஒரே மூச்சு. நான் வராந்தாவுக்கு வந்து நன்றாக அழுதேன், பிறகு நானே போய் இட்லி வாங்கி வந்தேன்.

திருப்பதி திரும்பியதும் பதிவேட்டை எடுத்தேன். ரேவதியின் வரியில் கடைசிக் கட்டம் இன்னும் காலி. சென்னை மருத்துவமனையின் பெயரைத்தான் எழுத வேண்டும். என்னவோ மனசு கேட்கவில்லை. தெலுங்கில் 'புட்டில்லு' என்று எழுதினேன், பிறந்த வீடு. மேடத்தின் விரல் அதில் வந்து நின்றது. குறுக்குக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

பயிற்சியில் அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில் இதுதான். வீட்டை விற்காமல் ஒரு உயிரைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. எங்கள் அப்பா காலத்தில் அது கிடையாது, ஒரு ஆபரேஷன் வந்தால் நிலம் போகும், இல்லை ஆள் போகும். இப்போது இருக்கிறது. ஆனால் அது கம்ப்யூட்டருக்குள் இருந்து என்ன பயன், கைக்கு எட்ட வேண்டும். எட்டாத கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் அந்த மேசையில் ஆள் போட்டிருக்கிறார்கள். டேப்லெட் 'இல்லை' என்று சொல்லட்டும், அது அதன் வேலை. அதற்குப் பிறகுதான் நம் வேலை ஆரம்பம். டேப்லெட்டில் அந்தக் கடைசிக் கட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளச் சொன்னேன், கோடும் நானே போட்டுக் கொடுத்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி. நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் காலையில் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் தேசம்மாள். பின்னால் முனுசாமி, குமார், ரேவதி. ரேவதியின் இடுப்பில் மலையில் மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசிய ஒரு பெண் குழந்தை. தெருக்கோடியிலிருந்து எங்கள் வீட்டு மாடி வரை ரேவதி அதைத் தானே தூக்கிக்கொண்டு ஏறி வந்திருந்தாள், மூச்சு வாங்கவே இல்லை.

உட்காரச் சொன்னேன். தேசம்மாள் உட்காரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். குமார் வீட்டு ஆந்திரா கார்டு. கீழே புதிதாக இரண்டு பெயர், ரேவதியும் குழந்தையும்.

"பிரசவம் எங்க வூட்லதான் பார்த்தோம். மூணாம் மாசம் கொண்டுவந்து வுட்டோம். இவரு அங்க பேர எடுத்தாரு, மாப்ள அன்னிக்கே இங்க சச்சிவாலயத்துல நின்னாரு. ஏறிடுச்சின்னு சேதி வர்ற வரைக்கும் நான் ஒரு வாய் கூடத் துன்னல" என்றாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"இப்ப எடுத்துட்டேன். எங்க, இப்பத் திட்டு பாக்கலாம்."

குழந்தையைக் கொடு என்று இரண்டு கையையும் நீட்டினேன்.